அணில் கடித்த ஆப்பிள்

அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. சாப்பாட்டுக் கடையில் கை கழுவுகிற இடத்துக்கு மேலே, லாட்ஜில் சாவி மாட்டுகிற பலகைக்குப் பக்கத்தில், பல் டாக்டரின் வராந்தாவில் என்று எங்கே ஒரு சுவர் சும்மா இருந்ததோ அங்கெல்லாம் அது ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒரு மேஜை, நீலக்கோடு போட்ட விரிப்பு, வெள்ளைப் பீங்கான் ஜாடி, கிண்ணம் நிறையத் திராட்சை, பாதி உரித்த ஆரஞ்சு, ஒரு கத்தி, மூன்று ஆப்பிள். சாப்பிட வந்தவர்கள் யாரும் அதை நின்று பார்த்ததில்லை. கண்ணில் பட்டால், பழம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு தட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். பழத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

டச்சிங்காரருக்கு மட்டும் அது ஆகாது. அந்தப் படம் மாட்டியிருக்கிற கடைக்குள் தெரியாத்தனமாக நுழைந்துவிட்டால் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காருவார். அப்படியும் சோறு இறங்காது. பாதியில் எழுந்து கை கழுவப் போவார். கை கழுவுகிற இடத்தில்தானே படம் இருக்கிறது? கழுவாமலே வெளியே வந்துவிடுவார்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த வருஷமே அது காணாமல் போய்விட்டது. அச்சுக்குப் போகிற படங்களில் உள்ள குறையைச் சரிசெய்வதற்கு அங்கே டச்சிங் என்று பெயர். அதைச் செய்கிறவர் டச்சிங்காரர். எண்ணெய் டப்பாவில் சிரிக்கிற பெண்ணின் பல் சந்து, சோப்பு விளம்பரக் குழந்தையின் கொசுக்கடி, காலண்டர் மலைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கரண்ட் கம்பம், எல்லாவற்றையும் எடுத்த புண்ணியவான் அவர்தான். அதற்கு அவரிடம் இருந்த ஆயுதங்கள் மூன்று: முடி மாதிரி ஒரு பிரஷ், கூரான பிளேடு, கண்ணில் இடுக்கிக்கொள்ள ஒரு லென்ஸ். வீட்டுக்காரிக்கு மட்டும் மனக்குறை. "ஊர்ல இருக்கற பொம்பளைங்க மூஞ்சியில எல்லாம் கரும்புள்ளி எடுக்கறீங்க. என் மூஞ்சிய நிமிந்து பாத்து எத்தனை வருஷமாச்சு?" என்பாள். நிமிர்ந்து பார்த்தால் குறைதான் கண்ணில் படும் என்று அவருக்குத் தெரியும். பார்க்காமல் இருப்பதுதான் அன்பு என்று இருந்துவிட்டார்.

அந்தப் பழப் படத்தை வரைந்தவள் அவருடைய சொந்த அக்கா.

அக்கா ஓவியக்காரியெல்லாம் இல்லை. பீங்கான் கம்பெனியில் கோப்பைக்குப் பூப்போடுகிற வேலை. விளிம்பில் ஐந்து இதழில் ஒரு பூ, பக்கத்துக்கு ஒரு இலை, அடுத்த கோப்பை. ஒரு மழைக்காலத்தில் கம்பெனியின் சூளை பழுதாகி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இருந்தாலும் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. தம்பியிடம் சொல்லி ஒரு கெட்டி அட்டையும் எண்ணெய் வண்ணமும் வாங்கிவரச் செய்து, சாப்பாட்டு மேஜையில் இருந்ததை இருந்தபடியே வரைய உட்கார்ந்தாள். பூவைத் தவிர எதையும் வரைந்து பழகாதவள். தன் இஷ்டத்துக்கு ஒன்றைச் சேர்க்கவோ விடவோ அவளுக்குத் தெரியாது. மேஜையில் இருந்தால் படத்தில் இருக்கும், அவ்வளவுதான். ஜாடியின் வாயில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. பெயர்ந்தபடியே வரைந்தாள்.

படம் முடிகிறவரை மேஜையில் யாரும் கை வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டாள். வீடே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது. அக்காவின் கணவர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார், அவருக்கு ஆட்சேபணை இல்லை. உத்தரவை மதிக்காத ஒரே ஆள் மகள்தான். பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கிற வயசு அவளுக்கு. எதை எடுத்தாலும் ஒரு கடி, அப்புறம் வேண்டாம். பென்சில், சோப்பு, மெழுகுவத்தி, மாமாவின் பிரஷ் காம்பு என்று அவள் பல் படாத பொருள் வீட்டில் கிடையாது. அதனால் அணில் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தது டச்சிங்காரர்தான். அணிலுக்கும் மாமா என்றால் உயிர்.

ஒரு நாள் அக்கா காயப்போட்ட துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போய்த் திரும்புவதற்குள், முன்னால் தனியாக இருந்த ஆப்பிளின் தோள்பட்டையில் ஒரு கடி விழுந்திருந்தது. கடித்துவிட்டு, இருந்த இடத்திலேயே ஜாக்கிரதையாகத் திரும்ப வைத்திருந்தாள்.

"யாரு கடிச்சது?"

"நான் இல்லம்மா. அதுவே கடிச்சுக்கிச்சு."

அக்காவுக்கு வந்த கோபம் சிரிப்பில் போய் முடிந்தது. பழத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்திருந்தால் கடி தெரிந்திருக்காது. வேறு பழம் வாங்கியும் வைத்திருக்கலாம். ஆனால் மேஜையில் இருந்தால் படத்தில் இருக்க வேண்டுமே! கடியை வரைந்தாள். முன் பல் ஒன்று இல்லாததால் கடியின் நடுவே தோலோடு ஒரு மெல்லிய வரப்பு விடுபட்டு நின்றது. அதையும் வரைந்தாள். வரைந்துகொண்டிருக்கும்போதே கடித்த இடம் பழுப்பேறத் தொடங்கியது. பழுப்பையும் வரைந்தாள். மேஜை முழுவதற்கும் செலவழித்த நேரத்தைவிட அந்தக் கடிக்குச் செலவழித்த நேரம் அதிகம்.

அச்சக முதலாளி அப்போது சாப்பாட்டுக் கடைகளுக்கு விற்கத் தோதான ஒரு படத்தைத் தேடிக்கொண்டிருந்தார். டச்சிங்காரர் அக்காவின் படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். முதலாளி அதைக் கை நீட்டிப் பிடித்து, கிட்டே கொண்டுவந்து, மறுபடி கை நீட்டிப் பிடித்தார்.

"படம் ஜோரா இருக்குய்யா. ஆனா எச்சில் பழத்தை எவன்யா கடையில மாட்டுவான்? சாப்பிட வர்றவனுக்குக் குமட்டாதா? முழுசாக்கிடு."

முழுசாக்குவது அவருக்குப் பெரிய காரியம் இல்லை. கலர் படம் அச்சுக்குப் போகுமுன் நான்கு பிலிமாகப் பிரியும். நீலத்துக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. பெயர்தான் நீலம், சிவப்பு. பிலிமில் பார்த்தால் நான்கும் சாம்பல் நிறப் புள்ளிகள்தான். டச்சிங்காரர் நான்கிலும் அந்தக் கடியைத் தேடிப் பிடித்துப் புள்ளி புள்ளியாகத் திருத்தினார். மூன்றில் சுலபமாக மடங்கிவிட்டது. கறுப்பு பிலிமில் அந்த வரப்பு மட்டும் போவேனா என்று நின்றது. பிளேடால் சுரண்டி, பிரஷால் அடைத்து, மறுபடி சுரண்டி அதையும் ஒழித்தார். தான் ஒழிப்பது அணிலின் பல் தடம் என்று அந்த நாட்களில் ஒரு தடவையாவது அவருக்குத் தோன்றியதா என்றால், இல்லை. குறை என்று கண்டால் எடுக்கிற கை அது.

முதல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த முதலாளி, "இப்பதான்யா சுத்தமா இருக்கு" என்றார். அந்தத் தாளையும் அந்தப் பாராட்டையும் டச்சிங்காரர் அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அக்கா பார்த்தாள். "அணில் கடிச்சது எங்கடா?"

"எடுத்துட்டேன்கா."

அணில் அம்மாவின் கைக்கு அடியில் தலையை நுழைத்து எட்டிப் பார்த்தாள். "பாத்தியா? நான் கடிக்கலேன்னு அன்னிக்கே சொன்னேன்ல" என்றாள். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

படம் நன்றாகப் போனது. மறுபடி அச்சடிக்க ஆரம்பிக்கும்போது முதலாளி, "இதென்னய்யா ஜாடியில, ஈ எச்சம் மாதிரி ஒரு புள்ளி? அதையும் எடு" என்றார். அதையும் எடுத்தார். அதற்குப் பிறகு வந்த ஆயிரக்கணக்கான தாள்களில் அந்தப் புள்ளியும் கிடையாது.

அடுத்த மழைக்காலத்தில் அணிலுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தார்கள். சாதாரணமாக இல்லை. போய்விட்டாள். இதை நீட்டிச் சொல்வதால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. போட்டோ என்று மிஞ்சியது பள்ளிக்கூடத்தில் எடுத்த ஒன்றுதான். அதில் பொக்கைப் பல்லைக் காட்ட வெட்கப்பட்டு உதட்டை இறுக்க மூடிக்கொண்டு நிற்கிறாள். அவளைப் பெற்றவர் கொஞ்ச நாள் வீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் வேறு ஊரில் வேறு குடும்பமாக இருக்கிறார் என்று செய்திதான் வந்தது, அவர் வரவில்லை.

அக்கா தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை, அழுதாவது தீர்த்திருப்பார். முதல் தாளுக்குப் பிரேம் போட்டுத் தன் அறையில் மாட்டிக்கொண்டாள். மற்றபடி கம்பெனிக்குப் போனாள், கோப்பைக்குப் பூப்போட்டாள், வந்தாள். வெளியே எங்கேயும் சாப்பிட மாட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, டச்சிங்காரருக்குக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

அக்கா கையால் வரைந்த அசல் படம் முதலாளியின் அறையில் கிடந்தது. அந்தக் கூரை ஒழுகி, அட்டை ஊறிப் பூசணம் பிடித்து, ஒரு நாள் குப்பையோடு குப்பையாக எரிந்துபோனது. பிலிம்களைக் கேட்கலாம் என்று டச்சிங்காரருக்கு யோசனை வந்தபோது, அவற்றைக் கழுவி, பூச்சில் இருக்கிற வெள்ளியைப் பிரித்தெடுக்கிறவர்கள் எடைக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். அவற்றிலும் கடி இருந்திருக்காது. அவரே அடைத்த பிலிம்கள்தானே!

பிறகு அச்சகம் கைமாறியது. டச்சிங்காரர் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்து கல்யாணப் பெண்களின் பருவை எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு மேல்வரிசையில் பொய்ப்பல் வந்தது. அக்கா படுக்கையில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிடிச்சதைச் சாப்பிடக் குடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். டச்சிங்காரர் தினமும் மத்தியானம் ஸ்டுடியோவில் சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்கு வந்து கஞ்சி கொடுத்துவிட்டுப் போவார்.

ஒரு மத்தியானம் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு அக்கா சொன்னாள். "டேய், அந்தப் படத்தைக் கழட்டி என் மடியில வை. கண்ணாடி இல்லாம."

பிரேமைப் பிரித்துத் தாளை மட்டும் எடுத்து ஒரு பலகையின் மேல் பரப்பி அவள் மடியில் வைத்தார். வருஷக்கணக்கில் ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பட்டுச் சிவப்பும் மஞ்சளும் வெளுத்து, நீலம்தான் தூக்கலாக இருந்தது. பழங்கள் குளிரில் விறைத்தவை மாதிரி இருந்தன.

"உன் லென்ஸைக் குடு. நீயும் வந்து உக்காரு."

இரண்டு கிழத்தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. அக்கா இடது ஓரத்திலிருந்து தொடங்கினாள்.

"வெளிச்சம் இந்தப் பக்கத்துலேர்ந்து வருது. ஜன்னல் படத்துல இல்ல. ஆனா திராட்சையப் பாரு."

பார்த்தார். ஒவ்வொரு திராட்சையிலும் ஒரு சின்ன வெள்ளை ஜன்னல் இருந்தது. முன்வரிசைத் திராட்சையில் ஜன்னலின் குறுக்குக் கம்பிகூடத் தெரிந்தது. பின்னால் போகப் போக ஜன்னல் சுருங்கி, கடைசி வரிசையில் வெறும் வெள்ளைச் சிமிட்டலாக நின்றது. இத்தனை வருஷத்தில் அதை அவர் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் வெள்ளைப் புள்ளி என்று எடுத்திருப்பார்.

"அந்த ஜாடி வெளிச்சத்தை மறிக்குது. அதோட நிழல் பின்னால இருக்கற ரெண்டு ஆப்பிள் மேல விழுது. அதான் அதுங்க ரெண்டும் மங்கலா இருக்கு. முன்னால இருக்கறது மட்டும் நிழலுக்குத் தப்பிச்சிடுச்சு. முழு வெளிச்சமும் அதுக்குத்தான்."

"ஆமாக்கா."

"கத்திய எடுத்துக்கோ. பிடி நம்ம பக்கம் மேஜைய விட்டு வெளிய நீட்டிகிட்டிருக்கு. முனை எங்க பாக்குது?"

"ஆப்பிளை."

"விரிப்புல இந்த மூணாவது கோடு?"

அவர் நகத்தால் கோட்டின் மேலேயே போனார். மடிப்பில் இறங்கி, ஏறி, ஆப்பிளின் அடியில் போய் நின்றது.

"ஆரஞ்சுத் தோல் சுருண்டு தொங்கறதும் அதுபக்கம்தான். நான் யோசிச்சு வெக்கலடா. மேஜை அப்படி இருந்துச்சு. அவளுக்காகத்தான் ஆரஞ்ச உரிக்க ஆரம்பிச்சேன், அப்பதான் வரையலாம்னு தோணி பாதியில கத்தியக் கீழ வெச்சேன். அவ கைக்கு எட்டற மாதிரி ஓரத்துல இருந்தது அந்த ஒரு பழம்தான். எல்லாமா சேந்து கண்ணைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அங்க நிறுத்துது. போனா அங்க ஒண்ணும் இல்ல."

உண்மைதான். வெளிச்சம், கத்தி, கோடு, தோல் எல்லாம் வழிகாட்டிக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துகிற இடத்தில் வழுவழு என்று ஒரு பழம் இருந்தது. மற்ற இரண்டு ஆப்பிளிலும் தோலின் கீற்றும் காம்புக் குழியும் இருந்தன. இதில் அவர் அடைத்த இடம் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. அந்தப் படத்துக்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது, அதைத்தான் அவர் ஒரு வாரம் குனிந்து உட்கார்ந்து எடுத்திருக்கிறார்.

"இப்ப ஜாடியப் பாரு" என்றாள் அக்கா.

ஜாடியின் வயிற்றில் நகத்தளவு ஒரு வெளுத்த சிவப்புத் தீற்றல் இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு பழுப்புப் புள்ளி. டச்சிங்காரருக்கு உடனே ஞாபகம் வந்தது.

"அது தூசிக்கா. அப்பவே முதலாளி ஈ எச்சம்னு சொல்லி, ரெண்டாவது தடவை அடிக்கறப்ப எடுக்கச் சொன்னார்."

"ஈ எச்சமா? அறிவு கெட்டவனே, நான் வெச்ச புள்ளிடா அது. ஜாடியோட பளபளப்புல அந்தப் பழம் தெரிஞ்சுது. கடிச்ச இடமும் தெரிஞ்சுது. பிரஷ்ல ரெண்டே ரெண்டு முடியை வெச்சுகிட்டு மூச்சைப் பிடிச்சு வெச்சேன்."

அவர் லென்ஸை வாங்கிக் கண்ணில் இடுக்கினார். பழத்தில் இருந்த கடியை அடைத்தவர், ஜாடியில் தெரிந்த கடியைக் கோட்டை விட்டிருக்கிறார். இந்தத் தாள் முதல் அச்சு. அப்போது அச்சான மற்ற தாள்கள் எந்தக் கடையில் கரி பிடித்துப் போயினவோ! தொழிலில் செய்த ஒரே கவனப்பிசகு இது, அதுவும் இந்த அறைச் சுவரில் பத்திரமாக இருந்திருக்கிறது. தன் கவனக்குறைவை நினைத்து முதன்முறையாக அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

"தினம் எழுந்ததும் இதைத்தான் பாப்பேன். நீ விட்டுட்டது நல்லதாப் போச்சு" என்றாள் அக்கா. அத்தனை வருஷத்தில் அந்தப் படத்தைப் பற்றி அவள் அவரிடம் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

"ஸ்டுடியோவுக்கு எடுத்துட்டுப் போய் பெருசு பண்ணிப் பாக்கட்டுமாக்கா?"

"வேண்டாம். இந்த ரூமை விட்டு அது வெளிய போகக்கூடாது. ஒரு தடவை எடுத்துட்டுப் போனே. முழுசா கொண்டாந்தே."

அவள் சொல்லாவிட்டாலும் அவருக்குத் தெரியும். லென்ஸுக்கு அடியில் அது நாலைந்து அச்சுப் புள்ளிதான். பெரிசு பண்ணினால் புள்ளிதான் பெரிசாகும், உள்ளே பல் எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

"ஒண்ணு பண்ணு. இங்கயே உக்காந்து அந்தக் கடியைப் பழத்துல மறுபடி வெச்சுக் குடு. போறதுக்குள்ள ஒரு தரம் பாத்துட்டுப் போறேன்."

சரி என்றார். வேறு என்ன சொல்வார்?

வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தார். நான்கு பிலிமும் கண்ணுக்குள் வந்தன. வரப்பின் நீளம், கடியின் வளைவு, எந்த இடத்தில் எத்தனை அடர்த்தி, எல்லாம் சாம்பல் நிறத்தில் அப்படியே வந்தன. அந்தச் சாம்பலெல்லாம் சேர்ந்தால் என்ன நிறம் என்று மட்டும் வரவில்லை. அக்கா படம் வரைந்ததெல்லாம் பகலில், அவர் அச்சகத்தில் இருந்தபோது. வேலை முடிந்து அக்கா வீட்டுக்கு வந்து பல்பு வெளிச்சத்தில்தான் அவர் அதைப் பார்ப்பார். துணியில் சுற்றி எடுத்துப்போன அன்றுகூட அவர் பார்த்தது முதலாளியின் முகத்தை, படத்தை இல்லை. அந்தக் கடியோடு அவரைவிட அதிக நேரம் குடும்பம் நடத்தியவர் யாரும் கிடையாது. இருந்தும் அதன் நிறம் அவருக்குத் தெரியாது.

ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து தானே கடித்துப் பார்த்தார். பொய்ப்பல் கடி, ரம்பத்தால் அறுத்த மாதிரி நேராக விழுந்தது. வீட்டுக்காரியைக் கடிக்கச் சொன்னார். "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, கடித்தவள் அப்படியே தின்று முடித்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஸ்டுடியோவுக்கு ஒரு தாய் தன் பெண்ணைப் பள்ளிக்கூடப் போட்டோவுக்குக் கூட்டிவந்தாள். அந்தப் பெண் சிரித்தபோது முன் பல் ஒன்று இல்லை. டச்சிங்காரர் மேஜையில் வாங்கி வைத்திருந்த ஆப்பிளை எடுத்து நீட்டினார். "ஒரே ஒரு கடி கடிச்சுக் குடும்மா, மாமாவுக்கு" என்றார். தாய் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பெண் கடித்தாள். நடுவில் வரப்பு விட்டு, அச்சு அசலாக. அதைக் கைக்குட்டையில் பொத்திக்கொண்டு, வெயிலைப் பொருட்படுத்தாமல் அக்கா வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். பலகையை ஜன்னலோரம் வைத்து, ஆப்பிளை எதிரில் வைத்து, தண்ணீரில் கரைகிற வண்ணத்தைக் குழைத்தார். தாளின் மேல் வார்னிஷ் பூசியிருந்ததால் தப்பாகப் போனாலும் ஈரப்பஞ்சால் துடைத்துவிடலாம். முதலில் வளைவு, அப்புறம் சதை, அப்புறம் வரப்பு. அவர் குழைத்துக்கொண்டிருக்கும்போதே எதிரிலிருந்த பழம் பழுப்பேறத் தொடங்கியது. அதையும் வைத்தார். வாழ்நாள் முழுக்கக் குறையை எடுத்தவர் முதன்முறையாக ஒரு குறையை வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். வெளிச்சம், கத்தி, கோடு, ஆரஞ்சுத் தோல் எல்லாம் கொண்டுபோய் நிறுத்துகிற இடத்தில் இப்போது ஒன்று இருந்தது. அழுகை வந்தது அவருக்கு.

அக்கா விழித்ததும் தலையணையை உயர்த்தி, படத்தை மடியில் வைத்து, லென்ஸைக் கையில் கொடுத்தார். அவள் திராட்சையின் ஜன்னல்களில் தொடங்காமல் நேராக ஆப்பிளுக்குப் போனாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"யார் வீட்டுப் பிள்ளைடா இது?" என்றாள்.

அவர் வண்ணக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"சொல்லு, கோவிச்சுக்க மாட்டேன்."

"ஸ்டுடியோவுக்கு வந்த பொண்ணுக்கா. அதே பல்லுதான் விழுந்திருக்கு. அதே மாதிரி வரப்பு..."

"நல்லா ஆழமா கடிச்சிருக்கா. பசி போல. அணில் பசிக்குக் கடிக்க மாட்டாடா. என்னன்னு பாத்துட்டு விட்டுடுவா." லென்ஸைக் கீழே வைத்தாள். "வேலை நல்லாத்தான் பண்ணியிருக்கே. துடைச்சுடு. அடுத்தவங்க பிள்ளை பல்லை வெச்சுகிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? எனக்கு ஜாடியில இருக்கறது போதும்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மருந்து அவளை உடனே தூக்கத்துக்கு இழுத்துக்கொண்டது.

டச்சிங்காரர் படத்தை ஜன்னலோரம் எடுத்துக்கொண்டு போய் ஈரப்பஞ்சால் துடைத்தார். அந்தப் பெண் கடித்த கடி பஞ்சில் வந்துவிட்டது. பழம் முழுசாகிவிட்டது, இரண்டாம் தடவையாக, அதே கையால். என்னன்னு பாத்துட்டு விட்டுடுவா. அதுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அணில் பிரஷ் காம்பைக் கடித்துவிட்டு நாக்கைத் துருத்திக் காட்டுவது ஞாபகம் வந்தது. மாமா, இது கசக்குது. கண்ணில் நீர் திரண்டு லென்ஸ் மங்கியது, துடைத்துக்கொண்டார். கை பாட்டுக்குக் கை வேலை செய்தது. பிரேமில் போடுமுன் தாளைச் சுத்தம் பண்ணுவது அவர் வழக்கம். விரிப்பின் மடிப்பில் பூசணப் புள்ளிகள் இருந்தன. பிளேடு முனையால் ஒவ்வொன்றாகச் சுண்டி எடுத்தார். மேல் ஓரத்தில் நிஜமாகவே ஈ எச்சம், அதையும் எடுத்தார். கிண்ணத்தில் ஒன்று, கத்திப்பிடியில் ஒன்று, ஜாடியில் ஒன்று. பிறகு பிரஷை வண்ணத்தில் தொட்டுச் சுரண்டிய இடங்களுக்கு நிறம் கொடுத்தார். கண்ணாடியைத் துடைத்து, பிரேமில் பொருத்தி, ஆணியில் மாட்டினார். எப்போதும் போல ஒரு எட்டுப் பின்னால் போய்ப் பார்த்தார். நேராகத்தான் இருந்தது.

சாயங்கால வெளிச்சம் அறைக்குள் வந்தபோது அக்கா விழித்தாள்.

"அதைக் கொஞ்சம் இறக்கிக் குடுடா. ஜாடியப் பாத்துக்கறேன்."

இறக்கிக் கொடுத்தார். அக்கா லென்ஸை வைத்துக் குனிந்தாள். லென்ஸை நகர்த்தினாள், மறுபடி கொண்டுவந்தாள். தலையைச் சாய்த்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். சொம்பில் தண்ணீர் எடுக்கப் போன டச்சிங்காரர் பாதியில் நின்றுவிட்டார். ஜாடியில் ஒன்று என்று கை எண்ணியது அப்போதுதான் அவருக்குக் கேட்டது.

அக்கா லென்ஸைத் துணியில் துடைத்து அவர் பக்கம் நீட்டினாள்.

"சுத்தமா இருக்குடா" என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அக்கா," என்றார். "அக்கா, நான் வேணும்னு..."

அவள் திரும்பவில்லை. தூங்கவும் இல்லை. முதுகு தெரிந்தது. அவர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஜாடியைப் பார்த்தார். சிவப்புத் தீற்றலில் ஒரு குறையும் இல்லை, அவ்வளவு நேர்த்தியான வேலை. ஜன்னலோரம் போய்த் தரையில் மண்டியிட்டார். சுரண்டிய துகள்கள் அங்கேதான் எங்கேயோ விழுந்திருக்க வேண்டும். வீட்டைப் பெருக்கி இரண்டு நாளாகியிருந்தது. தரை முழுக்கப் புள்ளியாக இருந்தது. எது ஈ எச்சம், எது பூசணம், எது அது என்று தெரியவில்லை. ஒரு மூலையிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.